ஆர் சேர் எண்ணினது?

2023 ஓகஸ்ட் மாதம், ஓர் இரவு பத்து மணிக்கு மேல் மாமிக்கு நெஞ்சு நோவு வந்தது. லண்டனிலிருந்து மச்சான் வந்து அன்றைக்கு நாலாம் நாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு வந்தவன், தாய் அவித்த பிட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப்போன நேரம். பக்கத்து வீட்டு ஓட்டோக்காரரை எழுப்பி அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு ஓடினோம். போன உடனேயே கட்டிலில் கிடத்தி ஈசிஜி எடுத்தார்கள். டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை, நிதானமாகப் பார்த்தார். ஆனால் தேவையான மருந்துகளில் ஒன்று கையிருப்பில் இல்லை. துண்டில் எழுதித் தந்து வெளியில் வாங்கிவரச் சொன்னார்கள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாமசி பாமசியாகத் திரிந்து, மூன்றாவது கடைக்காரரை வீட்டுக் கதவில் தட்டி எழுப்பி, வாங்கிக்கொண்டு வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. வார்ட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்ற மச்சான் என் கையிலிருந்த பையைப் பார்த்துச் சொன்னான்: “மூணாம் உலகம் எண்டா இதுதான்டா.” நான் “ஓம்” என்றேன்.

மாமி பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் வார்ட்டில் வைத்திருந்து, கிளினிக் கொப்பியும் மாத்திரைகளும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு சதம் பில் இல்லை. மச்சான் மாத முடிவில் திரும்பிப் போய்விட்டான். அவன் சொன்னதை அவன் மறந்திருப்பான். ஆனால் நான் சொன்ன அந்த “ஓம்” என்னை விடவில்லை. களைப்பில் சொன்னதா, பயத்தில் சொன்னதா, இல்லை உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறேனா? அந்தச் சொல்லை நான் அதற்கு முன்பும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 2022இல் பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றபோது சொன்னேன். கரண்ட் போனால் சொல்வேன். பஸ் வராவிட்டால் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அதைச் சொன்னதும் மனம் அடங்கிவிடும், மேலே கேட்க ஒன்றும் இருக்காது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது அடங்கவில்லை.

பாதையில் அக்கரைக்கு

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக்காரன். படிப்பிப்பது ஆற்றுக்கு அங்காலே, மண்டூருக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில், வரலாறு. காலையில் குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி அக்கரை போவேன். பின்னேரம் அதே பாதையில் திரும்புவேன். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் எங்களுக்குத் தெரு இல்லை, வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. மண்முனையிலும் முன்பு பாதைதான் ஓடியது. 2014இல் ஜப்பான் உதவியோடு அங்கே பாலம் வந்துவிட்டது. நான் பேசும் காலத்தில் குருமண்வெளிக்கு வரவில்லை.

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் இந்த இரண்டு சொல்லும் தாய்ப்பாலோடு வருகின்றன. அழகான சொற்கள்தான். ஆனால் எழுவான்கரையில் ஒரு வீட்டில் “பொடியன் படுவான்கரை” என்று கல்யாணப் பேச்சில் ஒருவர் சொன்னால், அந்த ஒரு சொல்லில் சூரியன் மட்டுமா இருக்கிறது? வயல் இருக்கிறது, மாடு இருக்கிறது, யானை இருக்கிறது, யுத்தம் இருக்கிறது. 2007 மார்ச்சில் அந்தக் கரையின் சனம் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது இருக்கிறது. “பாவம், அந்தப் பக்கத்து ஆக்கள்” என்று ஒரு இரக்கமும் இருக்கிறது. எங்களுக்குச் சோறு போடும் நெல்லும், தயிர் உறையும் பாலும் அங்கிருந்துதான் வருகின்றன என்பது மட்டும் அந்தச் சொல்லுக்குள் பெரும்பாலும் இருப்பதில்லை.

பதினோராம் வகுப்பு

செப்டம்பரில் பதினோராம் வகுப்புக்குப் பிரான்சியப் புரட்சி எடுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் போலக் கரும்பலகையில் மூன்று கட்டம் கீறினேன். முதலாம் பிரிவு குருமார். இரண்டாம் பிரிவு பிரபுக்கள். மூன்றாம் பிரிவு மற்ற எல்லோரும், கமக்காரன், கூலியாள், கடைக்காரன், வக்கீல் எல்லாம் ஒரே கட்டத்துக்குள். சனத்தொகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் இந்த மூன்றாம் கட்டத்தில். வரியின் பாரமும் இவர்கள் தலையில். 1789 மே மாதம் வெர்சாயில் மன்னர் சபையைக் கூட்டியபோது பிரிவுக்கு ஒரு வாக்கு என்பதுதான் பழைய வழக்கம். ஆகவே மேலே இருக்கும் இரண்டு பிரிவும் சேர்ந்தால் மற்ற முழு நாடும் தோற்றுவிடும். இதெல்லாம் சொல்லி முடித்தபோது, பின்வாங்கில் இருந்து ஒரு பொடியன், “மூணாவதா வந்தாப் பரிசு இரிக்கிதானே சேர்” என்றான். எங்கள் பரிசளிப்பு விழாவில் மூன்றாம் பிள்ளை வரைக்கும் மேடைக்குக் கூப்பிடுவோம், அதைத்தான் அவன் சொன்னான். வகுப்பு சிரித்தது.

முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. கட்டங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர ஏன் சேர் மூணாவதா வெச்ச? ஆர் சேர் எண்ணினது?” நான், குருமாரும் பிரபுக்களும் அரசனும் எண்ணினார்கள், எண்ணுகிறவன் தன்னிலிருந்துதான் தொடங்குவான் என்று ஏதோ சொன்னேன். அவள் விடவில்லை. “அப்ப நம்மட நாட்டயும் மூணாம் உலகம் எண்டுறதானே. அதயும் அவங்களா எண்ணின?” மணி அடித்துவிட்டது. மணி அடித்திராவிட்டாலும் என்னிடம் பதில் இருக்கவில்லை. பதினேழு வருடம் வரலாறு படிப்பிக்கிறேன். மூன்றாம் பிரிவு, மூன்றாம் உலகம் என்ற இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் அந்தப் பிள்ளை எவ்வளவு சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள் என்று விளங்கியது. மூன்றாம் உலகம் என்ற சொல்லை எழுதியவர் அல்பிரெட் சோவி என்ற பிரான்சுக்காரர். 1952 ஓகஸ்ட் 14ஆம் திகதி, லொப்சர்வத்தேர் என்ற பாரிஸ் வார இதழில். அவர் சனத்தொகை ஆய்வாளர், ஆள் எண்ணுவதே தொழிலான மனிதர். அமெரிக்க அணி, சோவியத் அணி என்று இரண்டு உலகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், அவை சண்டை பிடிக்குமா சமாதானமாக இருக்குமா என்பதே பேச்சாக இருக்கிறது, மூன்றாவது ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய முறைப்பாடு. அந்த மூன்றாவதுதான் மிக முக்கியமானது என்றும், காலவரிசைப்படி பார்த்தால் அதுவே முதலாவது என்றும் அதே கட்டுரையில் எழுதினார். கட்டுரையின் கடைசி வரியில் நேராகப் புரட்சிக்கே போனார். யாரும் கவனிக்காத, சுரண்டப்பட்ட, இகழப்பட்ட இந்த மூன்றாம் உலகமும் அந்த மூன்றாம் பிரிவைப் போலவே தானும் ஏதாவது ஒன்றாக இருக்க விரும்புகிறது என்று. 1789 ஜனவரியில் சியேயெஸ் என்ற பாதிரியார் கேட்ட மூன்று கேள்விகளின் எதிரொலி அது. மூன்றாம் பிரிவு என்பது என்ன? எல்லாமும். இதுவரை அதற்கு இருந்த இடம் என்ன? ஒன்றுமில்லை. அது கேட்பது என்ன? ஏதாவது ஒன்றாக இருப்பதற்கு.

இதைப் படித்துவிட்டு நான் முற்றத்தில் போய் இருந்துவிட்டேன். ஏச்சுச் சொல்லாக நான் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தது ஒரு வழக்குரைஞரின் சொல். எங்களுக்காகக் கதைக்க வந்த சொல். அதை எடுத்துத் தங்கள் கொடியில் எழுதியவர்களில் நாங்களும் இருந்தோம். 1954 ஏப்ரலில் கொழும்பில்தான் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாட்டுப் பிரதமர்களும் கூடினார்கள். பெரிய மாநாடு ஒன்றை நடத்தும் யோசனை அங்கேதான் எழுந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 நாடுகள் சேர்ந்தன. 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பில் நடந்தபோது தலைமை தாங்கியது எங்கள் நாடு. எங்கள் காலத்துப் புத்தகங்களில் மூன்றாம் மண்டல நாடுகள் என்று எழுதியிருக்கும், வாய்பாடாகப் பாடமாக்கினோம். அதில் ஒரு நிமிர்வு இருந்தது. அப்படி உலகத்திடம் நீதி கேட்ட நாடு தன் சொந்தக் கரைகளை எப்படி எண்ணியது என்பதை நான் இங்கே விரிக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி

அடுத்த பாடத்துக்கு நான் ஆயத்தமாகப் போனேன். சோவியைப் பற்றிச் சொன்னேன். பிறகு அந்தக் கணக்கு எப்படிக் கெட்டது என்று சொன்னேன். அணிக் கணக்குப்படி பார்த்தால் எந்தப் பக்கமும் சேராத சுவிஸ் மூன்றாவதில்தான் வரவேண்டும், ஆனால் சுவிசை யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வகுப்பில் பாதிப் பேருக்குச் சுவிசில் சித்தப்பாவோ மாமாவோ இருக்கிறார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது உலகம் 1991இல் சோவியத்தோடு கலைந்துபோனது. இரண்டு இல்லாமலே மூன்று மட்டும் மிஞ்சியது. அணியைக் குறித்த எண், ஏணிப்படியைக் குறிக்கும் எண்ணாக மாறிவிட்டது. அந்த ஏணியிலும் யார் எந்தப் படியில் என்பது எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த நாட்டில் பெண்கள் 1931இல் வாக்களித்தார்கள். சோவியின் பிரான்சில் பெண்களுக்கு அந்த உரிமை 1944இல்தான் கிடைத்தது. சுவிஸ் பெண்கள் தேசியத் தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தார்கள். உங்கள் பாட்டனார்மாரை வாட்டிய மலேரியாவை ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் எங்களுக்குச் சான்றிதழ் தந்தது. உலக வங்கிகூட 2016இல் தன் புள்ளிவிபரப் புத்தகத்தில் வளர்ந்த நாடு, வளர்ந்துவரும் நாடு என்று இரண்டாகப் பிரிப்பதைக் கைவிட்டுவிட்டது. நன்றாகப் படிப்பித்துவிட்டேன் என்ற திருப்தியோடு சோக்கைக் கீழே வைத்தேன்.

அதே பிள்ளை எழுந்தாள். “அப்ப நம்மட பள்ளிக்கூடத்த அதிகஷ்டப் பிரதேசம் எண்டு எழுதி வெச்சிரிக்கே சேர், அது ஆர் எண்ணினது?”

என்னால் உடனே வாய் திறக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த எண்ணிக்கையில் நான் இருக்கிறேன். அதிகஷ்டப் பிரதேசம் என்பதால் எனக்குக் கொடுப்பனவு வருகிறது. ஒவ்வொரு வருடமும் இடமாற்ற விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் அதே சொல்லைத்தான் எழுதி அனுப்புகிறேன். பள்ளிக்கூடங்களை 1ஏபி, 1சி, 2, 3 என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள், எங்களுடையது 2, பதினோராம் வகுப்போடு முடிகிற பள்ளிக்கூடம். இதையெல்லாம் ஸ்டாப் ரூமில் வாய் கூசாமல் கதைப்போம். அந்தப் பிள்ளைகளின் வீடும் வயலும் கோயிலும் இருக்கிற ஊர், அவர்கள் உலகத்தின் நடு. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அதிகஷ்டம். அவர்களுக்குக் கேட்கும் தூரத்தில்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். கந்தோரில் எண்ணினார்கள் என்றேன். அந்த எண்ணிக்கையால் எனக்குக் காசு வருகிறது என்பதையும் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது. பரிசு பற்றிக் கேட்ட அந்தப் பொடியன்தான் மெல்லச் சொன்னான்: “நல்லதுதானே சேர். அதாலதானே நீங்க வாறீங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் மாதக்கணக்கில் சுமந்து திரிந்தேன். ஏனென்றால் அதுவும் உண்மை. பின்தங்கியது என்று எழுதி வைத்திருப்பதால்தான் பல்கலைக்கழக அனுமதியில் மட்டக்களப்பும் அம்பாறையும் உட்பட 16 மாவட்டங்களுக்கு நூற்றுக்கு ஐந்து இடம் தனியாக ஒதுக்குகிறார்கள். அந்த ஐந்தில் ஏறிப்போய் வைத்தியரான பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். மாமியைப் பார்த்த டொக்டர் பிள்ளையும் அப்படிப் போனவராக இருக்கலாம். நாடும் இதையே செய்தது. 2019 ஜூலையில் உலக வங்கி எங்களை மேல் நடுத்தர வருமான நாடு என்று உயர்த்தியது, தலைக்கு 4,060 டொலர் வருமானம் என்று. அடுத்த ஜூலையில் 4,020 டொலர், கோடு 4,046இல். 26 டொலர் குறைவால் மறுபடி கீழே இறக்கினார்கள். ஏறிய வருடத்திலும் இறங்கிய வருடத்திலும் குருமண்வெளிப் பாதை ஒரே மாதிரித்தான் ஓடியது. பிறகு 2022இல், கடன் கட்ட முடியாது என்று கைவிரித்த பின், குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கட்டும் என்பதற்காக, ஏழை நாடுகளுக்குத் தரும் சலுகையை எங்களுக்கும் தாருங்கள் என்று அரசாங்கமே கேட்டது. அந்த டிசம்பரில் உலக வங்கி ஒத்துக்கொண்டது. அதை வெட்கம் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பசிக்கிறவன் பசிக்கிறது என்று சொல்வதில் என்ன வெட்கம்.

ஆகவே வகைப்படுத்துவதே அநியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குப் பட்டது இதுதான். அதிகஷ்டப் பிரதேசம் என்று ஒரு படிவத்தில் எழுதினால் அதற்குப் பக்கத்தில் ஒரு கடமை வருகிறது, ஆசிரியரை அனுப்பு, பாலத்தைப் போடு, சலுகையைக் கொடு என்று. யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். சோவி எழுதியபோது மூன்றாம் உலகமும் அப்படியான சொல்தான், அதற்குள் ஒரு உரிமைக் கோரிக்கை இருந்தது. அதே சொல்லை ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொல்லும்போது கோரிக்கை கழன்று விழுந்துவிடுகிறது. ஒரு ஊரின், ஒரு சனத்தின் குணமாக அது மாறிவிடுகிறது. அங்கே பிறந்தவனுக்கு அவ்வளவுதான் என்று. நான் எதிர்ப்பது இதைத்தான், முழு மனதோடு எதிர்க்கிறேன்.

மச்சானுக்குச் சொன்னது

டிசம்பரில் வட்ஸ்அப்பில் கதைக்கும்போது மச்சானிடம் இதை எடுத்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கட அம்மாக்கு மருந்து இல்ல. நான் அதச் சொன்னா நீ எனக்குச் சரித்திரம் படிப்பிக்கிறியா?” என்றான். அவன் கோபம் நியாயமானது. அந்த இரவு அந்த முக்கால் மணித்தியாலத்தில் மாமி போயிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன். நான் அவனுக்குச் சொன்னது, கோபத்தைக் குறைக்காதே, ஆனால் அதைச் சரியான முகவரிக்கு அனுப்பு என்பதுதான். அந்த மருந்து ஏன் கையிருப்பில் இல்லை? யார் எப்போது கேட்டிருக்க வேண்டும், யார் எப்போது அனுப்பியிருக்க வேண்டும், வாங்குவதற்கான டொலர் எங்கே போனது? இவை பதில் உள்ள கேள்விகள். அந்த நவம்பர் 14ஆம் திகதிதான், பொருளாதாரம் விழுந்ததற்கு நாட்டை ஆண்டவர்களும் மத்திய வங்கியை நடத்தியவர்களும் பொறுப்பு, மக்கள் நம்பிக்கையை அவர்கள் மீறிவிட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லியிருந்தது. தீர்ப்பில் பெயர்கள் இருந்தன. பதவிகள் இருந்தன. எடுத்த முடிவுகள், எடுக்காமல் விட்ட முடிவுகள் இருந்தன. மூன்றாம் உலகம் என்று சொல்லிவிட்டால் இந்தப் பெயர் ஒன்றும் வேண்டியதில்லை. மழை பெய்வது போல, வெயில் அடிப்பது போல மருந்தும் இல்லாமல் போகும். குற்றவாளிக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்குமா?

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, லண்டனில் தன் முழங்காலுக்கு ஒன்பது மாதம் காத்திருந்ததைச் சொன்னான். அங்கே அதற்கு யாரும் உலக எண் வைப்பதில்லை, எம்பிக்குக் கடிதம்தான் எழுதுவார்கள் என்றான். அவனும் எழுதியிருக்கிறான். நான் அவனிடம் கேட்டேன், நாங்கள் எத்தனை கடிதம் எழுதியிருக்கிறோம்? எங்கள் இருவருக்கும் தெரியும், ஒன்றுகூட இல்லை. அந்த வாரம் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம், திகதி, நேரம், மருந்தின் பெயர், அலைந்த கடைகள் எல்லாம் போட்டு, ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரிக்கும் சுகாதாரப் பணிப்பாளருக்கும். ஒன்றரை மாதத்தில் ஒரு பதில் வந்தது. கொள்வனவு தாமதம் என்று இரண்டு வரி. ஆனாலும் ஒருவர் கையெழுத்து இருந்தது, கீழே பதவி முத்திரை இருந்தது. மாமியின் கிளினிக் கொப்பிக்குள் அதை மடித்து வைத்திருக்கிறேன்.

சாதாரண தரப் பரீட்சைக்கு முன் வரைபடம் குறிக்கும் பயிற்சி கொடுப்பது வழக்கம். இலங்கைப் படத்துக்குப் போகுமுன் கை பழகட்டும் என்று, உங்கள் ஊரையும் வாவியையும் கீறி இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அந்தப் பிள்ளை கொப்பியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கீறியிருந்தாள். நடுவில் அவளுடைய ஊர், குளம், கோயில், பள்ளிக்கூடம், யானை வரும் வழி. மண்டூர்த் துறையிலிருந்து வாவிக்குக் குறுக்கே புள்ளிப் புள்ளியாகப் பாதை. கொப்பியின் ஓரத்தில், என் வீடு இருக்கிற பக்கத்தில், இடம் குறைந்துபோனதால் நெருக்கி, ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: அக்கரை. சிவப்புப் பேனையால் சரி போட்டுக் கொடுத்தேன்.